நத்தை வீட்டில் யார் இருக்கிறார்கள்?

மகளே,

நேற்று அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். மீன் ஏலம் எடுக்கிறவர் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார். உன்னைக் குழந்தையிலிருந்து தெரிந்தவர், என்னை அண்ணன் முறை வைத்துக் காக்கா என்பவர். "என்ன காக்கா, மவ மெட்ராசுக்குப் போவுதாமே?" என்றார். "யோசிச்சுக்கிட்டு இருக்கு" என்றேன். "மாப்ள வந்துட்டாரா?" "இல்ல, அவரு ஷார்ஜாவுலதான் இருக்காரு." அவர் தன் செருப்பை மாட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பினார். "அப்ப வீடு?" என்றார். அவ்வளவுதான். நம் ஊரில் அந்தக் கேள்வியை அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. நான் வீடு வந்து சேர்வதற்குள் மருந்துக்கடையிலும் டீக்கடையிலும் அதையே வேறு சொற்களில் கேட்டார்கள். எங்கும் நான் பதில் சொல்லவில்லை.

காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இந்தக் கடைமடைப் பகுதியிலிருந்து நாளிதழுக்குச் செய்தி அனுப்பியே என் ஆயுளில் பெரும்பகுதி போய்விட்டது. அணையில் தண்ணீர் திறந்தார்கள் என்றால் அது நம் பக்கம் வந்ததா, எந்த மதகோடு நின்றுவிட்டது என்பதை வாய்க்கால் கரையோடு நடந்து போய்ப் பார்த்து எழுதுவேன். கேள்வி கேட்பதுதான் என் தொழில். பதில் சொல்லிப் பழக்கமில்லை. அதனால், கேட்கிற எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதிலை அச்சில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். உனக்குத்தான் முதலில் அனுப்புவேன். நீ வேண்டாம் என்றால் இது வெளியே போகாது.

விஷயம் இதுதான். நீ நீர்வண்ணத்தில் வரைந்து ஃபோனில் போட்டுவைக்கும் படங்களைப் பார்த்துவிட்டு, குழந்தைகளுக்குப் படக்கதைப் புத்தகம் போடும் சென்னை நிறுவனம் ஒன்று உன்னை வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது. அங்கேயே வந்து தங்கி வேலை செய்ய வேண்டும். பேத்தி ஆயிஷாவை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்ளலாம். மாப்பிள்ளை ஃபோனிலேயே "தாராளமா போ, லீவுல நான் அங்கயே வந்துடறேன்" என்று சொல்லிவிட்டார். உன் உம்மா அழுதாள். நான் "யோசிக்கலாம்மா" என்றேன். ஓர் அதிகாரி 'பரிசீலிக்கப்படும்' என்று சொன்னால் அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். என் மகளான உனக்கும் தெரியும். அதற்குப் பிறகு நீயாக அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வெளியூர்க்காரர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதிராம்பட்டினத்தில் எங்களைப் போன்ற குடும்பங்களில் பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் அவள் பேரில் ஒரு வீடு. கல்யாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருவார். பெண் எங்கும் போகமாட்டாள். தஞ்சாவூரில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மற்ற நிருபர்களோடு காத்திருக்கும்போது இதை நான் பெருமையாகச் சொல்வேன். அவர்களில் ஒருவர் தன் மகளைப் பூதலூரில் கட்டிக்கொடுத்திருந்தார். ரயிலில் அந்த ஸ்டேஷனைக் கடக்கும்போதெல்லாம் எழுந்து கதவருகே போய் நிற்பாராம். "நீங்க கொடுத்து வச்சவரு பாய். உங்க பொண்ணு உங்க கண்ணு முன்னாலயே இருக்கும்" என்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நீ பிறந்த அன்றே உன் உம்மா செங்கல்லுக்குச் சொல்லிவிட்டாள் என்று நம் வீட்டில் கேலி பேசுவார்களே, அதில் பாதி உண்மை. நம் வீட்டுக்குப் பின்னால், முன்பு நெல் விளைந்த மனையில், சுவரோடு சுவராக உன் வீட்டைக் கட்டினோம். தெருவில் இறங்காமலே நீ இங்கும் நாங்கள் அங்கும் போய்வர இரண்டுக்கும் நடுவே ஒரு கதவு வைத்தோம்.

அந்தக் கதவைப் பொருத்திய நாளில் ஆசாரி கேட்டார்: "தாப்பா எந்தப் பக்கம் வைக்க பாய்?" "எங்க பக்கம் வைங்க" என்றேன். "பொண்ணு பக்கமும் ஒண்ணு வச்சிடவா?" "அது எதுக்கு? ரெண்டும் ஒரே வீடுதானே." அவர் திருகாணியை எடுத்தார். உனக்குக் கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் அந்தத் தாழ்ப்பாள் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. நாங்கள் நினைத்தால் உன் வீட்டுக்குள் வரலாம். நீ எங்கள் பக்கம் வரவேண்டும் என்றால் தட்ட வேண்டும். இதில் எதுவும் கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. யோசிக்காமல் செய்தது. பூட்டு வாங்கினால் சாவி பெரியவர்களிடம் இருக்கும் என்கிற பழக்கம்.

உன் படங்களும் இப்படி ஒரு கதவுக்குள்தான் வளர்ந்தன. நீ எட்டாவது படிக்கும்போது கூடத்துச் சுவரில் தலைப்பாகை கட்டிய கீரிப்பிள்ளை ஒன்றை வரைந்து ஒட்டினாய். அதன் கண் அவ்வளவு குறும்பாக இருந்தது. என் வாப்பா அப்போது இருந்தார். "உருவம் மாட்டுன சுவத்துப் பக்கம் நான் எப்படித் தொழுவேன்?" என்று கேட்டார். அடுத்த தெருவில் பூனைப் படமும் கிளிப் படமும் ஒட்டிய வீடுகள் இருந்தன. எல்லா வீட்டிலும் ஒரே கட்டுப்பாடு இருந்ததில்லை. எங்கள் வீட்டில் இப்படி. மார்க்கத்தைப் பற்றிப் பேச எனக்குப் படிப்புப் போதாது, பேசவும் மாட்டேன். வாப்பா மனமும் கோணக்கூடாது, நீயும் அழக்கூடாது என்று நடுவில் நின்று ஒரு வழி சொன்னேன்: "உயிர் இருக்கறத வரையாத. மத்தது எது வேணும்னாலும் வரை." செய்தி ஆசிரியர் எனக்குச் சொல்வதுபோல உனக்குச் சொன்னேன். நீ கீரிப்பிள்ளையைக் கழற்றி மடித்துவைத்தாய்.

அடுத்த படத்தில் கீரிப்பிள்ளை இல்லை. அதன் வீடு இருந்தது. வரப்போரத்தில் ஒரு பொந்து, பொந்துக்கு ஒரு மரக்கதவு, கதவுக்கு மேல் சின்ன ஓட்டுச் சாய்ப்பு, பக்கத்தில் புல்லுக்குப் புல் கட்டிய கொடியில் அந்தத் தலைப்பாகை காய்ந்துகொண்டிருந்தது. ஜன்னலில் விளக்கு எரிந்தது. வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "இதுல தப்பு ஒண்ணுமில்ல" என்றார். பிறகு, "யாரு வீடு இது?" என்றும் கேட்டார். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

அன்றிலிருந்து நீ வரைந்ததெல்லாம் வீடுகள். சாய்ந்து கிடக்கும் நத்தை ஓட்டில் வளைந்து ஏறும் மாடிப்படி. மழையில் முளைத்த காளானுக்குக் கீழே பிறைபோல ஒரு வாசல். அலையாத்திக் காட்டுச் சேற்றில் நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களையெல்லாம் புகைபோக்கிகளாக்கிவிட்டாய். அவற்றிலிருந்து சமையல் புகை வரும். புளியங்காய்த் தோட்டையே படகாக்கி அதற்கு ஒரு நங்கூரம். எல்லா வாசலிலும் அரிசி அளவுக்குச் செருப்புகள். எல்லா ஜன்னலிலும் வெளிச்சம். ஒரு படத்திலும் ஓர் உயிர் இல்லை. தஞ்சாவூருக்கு உன்னைக் கூட்டிப்போய் வண்ணம் வாங்கிக்கொடுத்த நாள் நினைவிருக்கிறதா? பஸ்ஸில் ஒரத்தநாடு வரை நின்றுகொண்டே போனோம். கடைக்காரர் போஸ்டர் கலரை எடுத்து நீட்டினார். "இத எடுத்துக்க பாப்பா, பளிச்சுன்னு இருக்கும். வாட்டர் கலர் கையில நிக்காது, தண்ணியா ஓடிடும்." நீ அவரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஓடட்டும்" என்றாய். அவர் என்னைப் பார்த்து, "வாயாடிதான்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது.

வெள்ளை வண்ணத்தை நீ தொட்டதே இல்லை. ஒருநாள் காரணம் கேட்டேன். ஜன்னல் வெளிச்சம் என்பது நீ வண்ணம் பூசாமல் விட்ட தாள்தான் என்றாய். எங்கே வெளிச்சம் வேண்டும் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொண்டு அதைச் சுற்றித்தான் பூச வேண்டுமாம். ஒருமுறை அதன் மேல் வண்ணம் பட்டுவிட்டால் பிறகு எதைக் கொண்டு பூசினாலும் அந்த வெளிச்சம் திரும்பாதாம். நம் ஆழ்குழாய்த் தண்ணீர் உப்பு என்பதால் உனக்குத் தண்ணீர் கேன் வாங்கித் தரட்டுமா என்றும் கேட்டேன். "வேணாம் வாப்பா. இந்த உப்புத் தண்ணி இல்லாட்டி இந்தச் சேறு வராது" என்றாய். பார்த்தேன். காய்ந்த பிறகு சேற்றின் நிறம் மணல் மணலாகத் திரிந்து, கடல் உள்வாங்கிய கழிமுகத்துச் சேறு போலவே இருந்தது. அந்த விஷயத்தில் நீ சொன்னது சரி.

ஆனால் என் தொழில்புத்தி சும்மா இருக்காது. புதுப் படத்தைப் பார்த்தால் முதல் கேள்வி அதுதான்: "உள்ள யாரு?" சின்ன வயதில் நீ நீளமாகப் பதில் சொல்வாய். நண்டு, அதன் பெண்டாட்டி, பட்டுக்கோட்டையிலிருந்து வந்திருக்கும் விருந்தாளி. பெரியவளான பிறகு பதில் சுருங்கியது. "இருக்காங்க" என்பாய். கல்யாணத்துக்குப் பிறகு அதுவும் இல்லை. பிரஷ்ஷைக் கழுவ எழுந்து போய்விடுவாய். மாப்பிள்ளை வருவார், ஒன்றரை மாதம் இருப்பார், திரும்பிப் போவார். நீ மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து வரைவாய். மழை மாதத்தில் தாள் காயவே காயாது. மின்விசிறிக்குக் கீழே கொடி கட்டித் தொங்கவிட்டாலும் ஓரத்தில் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சைப் புள்ளிகளைக்கூட நட்சத்திரங்களாக்கிவிடுவாய். நான் தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு, தட்டாமல், மாடி ஏறி வந்து உன் பின்னால் நிற்பேன். உள்ளே மாட்டிக்கொண்ட சின்னச் சின்ன உயிர்களின் வீடுகள் என்றுதான் அந்தப் படங்களை நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே கீழே இறங்கி வந்து, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, பேப்பர் படிப்பேன். அவ்வளவுதான் செய்தேன்.

போன வெள்ளிக்கிழமை உன் மாமியார் வந்தார். நீ காப்பி போட உள்ளே போயிருந்தாய். "எம்மவன் லீவுல வந்தா பூட்டுன வீட்டு வாசல்லயா சம்பந்தி நிக்கணும்?" என்று கேட்டார். "இல்ல, இல்ல" என்றேன். எதற்கு இல்லை என்றேன் என்று எனக்கே தெரியவில்லை. நீ தம்ளர்களோடு வந்தபோது எல்லோரும் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். நீ எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாய்.

அவர் போன பிறகு நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். அன்று முடித்த படத்தை ஆயிஷா தரையில் வைத்துக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நத்தை வீடு, சேறு, ஜன்னலில் விளக்கு, வாசலில் செருப்பு.

"உம்மா, உள்ள யாரு?" என்றாள். என் ரத்தம்தானே.

"யாரும் இல்ல."

"லைட்டு எரியுது?"

"அணைக்காம போயிட்டாங்க."

"செருப்பு இங்க இருக்கு?"

"சேத்துல யாராச்சும் செருப்பு போட்டுக்கிட்டு நடப்பாங்களா? அதான் கழட்டிப் போட்டுட்டு நடந்துட்டாங்க."

"எங்க?" என்றாள். நீ பிரஷ்ஷின் பின்முனையால் காட்டினாய். வாசலிலிருந்து தாளின் ஓரம் வரைக்கும் புள்ளி புள்ளியாக ஒரு வரிசை. பக்கத்தில் நின்ற எனக்கும் அது தெரிந்தது. உப்புத் தண்ணீர் திரிந்த புள்ளிகள் என்று நான் எத்தனையோ முறை பார்த்துக் கடந்த புள்ளிகள். அவை கால்தடங்கள்.

நான் எங்கள் பக்கம் வந்துவிட்டேன். நீ தந்த படங்களையெல்லாம் சுவரிலிருந்து இறக்கி, எழுத்துப் படிக்கும் பூதக்கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கல்யாணத்துக்கு முந்தைய படங்களில் கால்தடம் இல்லை. உன் வீட்டுக்குக் குடிபோன பிறகு வரைந்த படம் ஒவ்வொன்றிலும் இருக்கிறது. ஒன்றில்கூட உள்ளே வரும் தடம் இல்லை. எல்லாம் வெளியே போகின்றன. வாய்க்காலில் நேற்று எதுவரை தண்ணீர் வந்து வடிந்தது என்று கரை ஈரத்தைப் பார்த்தே எழுதியவன் நான். என் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்ததை நான் பார்க்கவில்லை.

உன் உம்மாவிடம் அன்று சாயங்காலம் பேசினேன். மூட்டு வலிக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தாள். "அவ போயிடுவா புள்ள" என்றேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவளோ எல்லாவற்றையும் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். "போவட்டும். பொழுது சாஞ்சு மஃரிபுக்கு நீங்க போயி மாடி லைட்டப் போட்டுடுங்க. அவ செருப்பும் புள்ள செருப்பும் வாசல்ல கெடக்கட்டும். யாராச்சும் கேட்டா, உள்ளதான் இருக்கா, வெளிய வர்றதில்லன்னு சொல்லிக்கலாம்." இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "என்ன அப்படிப் பாக்கறீங்க? நல்ல யோசனைதானே?"

உன் படங்களை அவள் ஒருநாளும் பாராட்டியதில்லை. 'பொம்மை வீடு' என்பாள். அன்றைக்கு அவள் சொன்னது உன் படம்தான், ஒரு கோடு பிசகாமல். அதை உனக்குச் சொன்னபோது நீ சிரித்தாய். வெகுநாள் கழித்துச் சிரித்தாய். "உம்மாவையும் மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போயிடட்டுமா வாப்பா? நல்லா யோசிக்கறாங்க" என்றாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "லைட்டு போட்டு வச்சா நான் போன மாதிரியே இருக்காது வாப்பா" என்றாய்.

அந்த வாக்கியத்தோடுதான் சில நாட்களாக இருக்கிறேன். உன் உம்மாவின் யோசனை எனக்கு எவ்வளவு வசதி என்பதை மறைக்க விரும்பவில்லை. பள்ளிவாசல் படியில் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். சம்பந்தி வீட்டில் முகம் கொடுத்துப் பேசலாம். ஊர் என்னை ஒன்றும் கேட்காது. நீயும் போயிருப்பாய். ஆனால் நீ ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும், எங்கும் போகாதவள் போல அந்த வீட்டிலிருந்து வெளியே வந்து காட்ட வேண்டும். ஆயிஷாவுக்கும் அந்தப் பொய்யைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பெண்ணுக்கு வீடு கொடுத்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்திருக்கிறேன் என்று இப்போதுதான் தெரிகிறது. உன்னைத் திருப்பி வாங்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. நடந்ததை நடந்தபடி எழுதி, எல்லோரும் படிக்கிற இடத்தில் போடுவது. இது அச்சில் வந்துவிட்டால் மாடி விளக்கை நம்ப இந்த ஊரில் ஆள் இருக்காது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி இல்லை. அங்கே உன்னிடம் கண் வரையச் சொல்வார்கள், முகம் வரையச் சொல்வார்கள். வரைவதும் வரையாததும் உன் மனசாட்சி. என் வாப்பாவுக்காகவும் எனக்காகவும் நீ எதையும் முடிவு செய்யவேண்டாம். வீடு மட்டுமே வரைவேன் என்று நீ சொன்னாலும் அது உன் சொல்லாக இருக்கட்டும். வாடகை வீடு பார்க்கும்போது தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொள். சென்னையிலும் பல இடங்களில் தண்ணீர் உப்புத்தானாம். உன் சேற்றுக்குக் குறைவு வராது. நடுக்கதவுத் தாழ்ப்பாளை நேற்று நானே கழற்றப் பார்த்தேன். திருகாணி துருப்பிடித்து அசையவில்லை. ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன். அவர் வருவதற்குள் நீ கிளம்பிவிடுவாய் என்று நினைக்கிறேன். பரவாயில்லை, அது எங்களுக்காகக் கழற்றுவது.

நாங்கள் இங்கேதான் இருப்போம். உன் உம்மாவால் படி ஏற முடியாது, எனக்கு இந்த ஊரை விட்டால் வேறு தெரியாது. மஃரிபு பாங்கு சொல்லும்போது உன் மாடி ஜன்னல் இருட்டாக இருக்கும். அதைப் பார்க்காமல் இருக்க உன் உம்மா திரையை இழுத்துவிடுவாள், எனக்குத் தெரியும். நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். மறுநாள் பள்ளிவாசல் படியில் செருப்பைத் தேடும்போது அந்த ஏலக்காரர் மறுபடி பக்கத்தில் வந்து நிற்பார்.

"அப்ப வீடு?" என்பார்.

"பூட்டியிருக்கு" என்பேன்.

உன் வாப்பா